இன்னும்

"இன்னும் அந்த மளிகைக்கடையில்தானா?"
வான்கோழியை அறுத்தபடி கேட்கிறான்
தங்கை கணவன் டெரில்.
அந்த 'இன்னும்' என் தட்டில் விழுந்து
ஆறிக்கொண்டிருக்கிறது.

இன்னும்தான்.
டுலூத்தில், ஏரிக்காற்று கதவைத் தள்ளும் கடையில்,
பதினெட்டு வருடம்.
நாலு, பூஜ்யம், ஒன்று, ஒன்று: வாழைப்பழம்.
தூக்கத்திலும் விரல் தட்டும்.

பால் அடுக்கும்போது
பழையது முன்னால், புதியது பின்னால்.
ஆளுக்கு அந்தச் சட்டம் இல்லை.
என்னைத் தாண்டி மேலாளராய் வந்தவனுக்கு
இருபத்தாறு வயது.
அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியைத்
தலைகீழாய்ப் பிடித்தான் முதல் நாள்.

சம்பளமா?
வீட்டுக்கடன் பாதி தீர்ந்தது,
முழங்கால் முழுசாய்த் தீர்ந்தது.
பல்லுக்குக் காப்பீடு உண்டு, டெரில்.
உனக்கு?

போன பனிப்புயலில் லாரி வரவில்லை.
காலி அலமாரிகளுக்கு நடுவே
திருமதி ஹக்காலா
ஒரே ஒரு எலுமிச்சை வாங்கினாள்,
சில்லறையை எண்ணி எண்ணி.
"எலுமிச்சைக்காக வரவில்லை," என்றாள்.
"விளக்கு எரிகிறதா என்று பார்க்க."

இதை எந்தத் தராசில் போடுவது,
தெரியவில்லை எனக்கும்.

அந்தக் கிரேவியை இப்படித் தள்ளு.
விடிகாலை நாலுக்கு ஆரஞ்சு வருகிறது.