இடம், வலம்

கங்காலினில் சனிக்கிழமை காலை ஏழு மணி.
மஞ்சள் எல் பலகை ஒட்டிய என் கொரோலாவில்
ஓட்டுநர் இருக்கையில் மாசூமா.
மனாமாவில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவள்,
கன்பராவில் மறுபடி மாணவி.
பின்சீட்டில் அவள் மகன் மைதம்,
இங்கே பிறந்தவன், போனுக்குள் இருக்கிறான்.

"உங்கள் ஊரில் ரவுண்டானாவை இடமாகச் சுற்றுவீர்கள்.
இங்கே வலம்."
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"எல்லோருக்கும் தெரியும்," என்றேன்.

வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடு.
இடைவெளி பார். நுழை.
அவள் நுழையவில்லை.
பின்னால் ஒரு யூட்காரன் ஹாரனில் கை வைத்தான்.
நடுவட்டப் புல்லில் இரண்டு காக்கட்டூகள்
எதையோ கிளறிக்கொண்டிருந்தன.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்:
"எங்களுக்கும் ஒன்று இருந்தது.
ஆறு தூண்கள், உச்சியில் ஒரு முத்து.
ஒரு மாதம் அதற்குள் குடியிருந்தோம்
கூடாரம், அடுப்பு,
குழந்தைகளுக்குப் பாப்கார்ன் வண்டி எல்லாம் வைத்து.
பிறகு தூண்களை இடித்தார்கள்.
வட்டத்தை அழித்து சிக்னல் போட்டார்கள்.
முத்து பொறித்த காசைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.
ஒன்றை நான் கொடுக்கவில்லை."

தம்பியைப் பற்றி மூன்று வாக்கியம் சொன்னாள்.
பத்து வருடம் சிறை.
குடியுரிமை இல்லை என்று ஒரு பட்டியலில் பேர்.
இப்போது எந்த நாட்டிலிருந்து கூப்பிடுகிறான் என்பதை
போன் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த வாரம் நான் சித்ராவில் இருந்தேன்.
டிப்பர் லாரி.
கான்கிரீட் என்றார்கள், கொண்டுபோய்க் கொட்டு என்றார்கள்.
ட்ரிப்புக்கு நாலு தினார்.
வெள்ளைத் துண்டு ஒன்று வளைந்திருந்தது,
படகின் பாய் மாதிரி.
வீடு கட்ட இரும்புக் கம்பி வாங்க வேண்டியிருந்தது எனக்கு.
ஒன்பது ட்ரிப் அடித்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம்.
"இடைவெளி இருக்கிறது, போங்கள்," என்றேன்.

போனாள்.
முதல் வெளிவழியைத் தாண்டினாள், இரண்டாவதையும்,
நாங்கள் புறப்பட்ட சாலையையும்.
காக்கட்டூகள் மறுபடி வந்தன, மறுபடி போயின.
இண்டிகேட்டர் போடவில்லை.
மைதம் தலையைத் தூக்கி
"மாமா, தொலைந்துவிட்டோமா?" என்று
தாயைக் கேட்டான் அவன் ஆங்கிலத்தில்.
"இல்லை," என்றாள் அரபியில்.
அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் புரிகிறது.

மூன்றாம் சுற்றில்
வெளியேறச் சொல்ல வேண்டியவன் நான்.
வாயைத் திறந்தேன். தூசி ருசித்தது.

வகுப்பு முடிந்து பதிவேட்டைத் திறந்தால்
ரவுண்டானா என்று ஒரு கட்டம்.
குறையில்லாமல்தான் ஓட்டியிருந்தாள்.
டிக் போடவில்லை.
அடுத்த சனிக்கிழமையும் இதே இடம் என்று
பென்சிலில் எழுதிவைத்தேன்.