ஒன்பதாம் கேள்வி

கடைசி நாள் முப்பத்தொன்று. இன்று இருபத்தொன்பது.
ஜொஹான்னஸ்பர்க்கில் எங்கள் வட்டாரத்துக்குப்
பத்து மணிக்கு மின்வெட்டு.
மடிக்கணினியில் அறுபத்திரண்டு சதவீதம்.
அதற்குள் சலோஷினி முனுசாமியைப்
பரிந்துரைத்து முடிக்க வேண்டும்.

முனைவர் பட்டம் பெற்று இருபது ஆண்டு தாண்டக்கூடாது,
பத்துக்குக் குறையவும் கூடாது.
பணிக்காலத்தின் நடு என்றால் அதுதானாம்.
பதினேழு என்று எழுதினேன்.
அதில் இரண்டு வருடம் சாட்ஸ்வொர்த்தில்
அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்
வண்டியிலேயே உட்கார்ந்து ஆய்வேடு திருத்தினாள்.
கழித்துக்கொள்ளலாம், சான்று இணைத்தால்.
காத்திருந்ததற்கு எந்த ஆஸ்பத்திரி சான்று தரும்?

மூன்றாம் கேள்வி:
கனிமவியலுக்கு வேட்பாளரின் பங்களிப்பு,
நூறு சொல்லுக்கு மிகாமல்.
எழுதுகிறேன்: கலஹாரி மாங்கனீசுப் படுகைகள்.
எழுபத்தொரு கட்டுரைகள். நான்கு நாடுகளோடு கூட்டாய்வு.
எழுதாமல் விட்டது:
களிமண் ஒட்டுகிறதா என்று கல்லை நக்கிப் பார்ப்பாள்.
கருவி சொல்வதை நம்புவாள்,
கருவியை ஓட்டியவனை நம்பமாட்டாள்.

ஓட்டியவன் நான்.

ஹொட்டாஸெல் சுரங்கத்தில் ஃபானி போத்மா
ரொட்டிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த கல்.
கறுப்பு. குறுக்கே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு.
இது புதிது என்றேன். ஆணையமும் ஒப்புக்கொண்டது.
அதற்குள் போத்மா இதயம் நின்று போயிருந்தார்.
அவர் பெயரையே வைத்தேன்: போத்மைட்.
குருமனில் அவர் மனைவி அந்தக் கடிதத்துக்குச்
சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார்.

ஆறு வருடம் இருந்தது என் கனிமம்.
ஒருநாள் சலோஷினி வந்து கதவைச் சாத்தினாள்.
நாங்கள் பேசுவது எப்போதும் ஆங்கிலம்தான்.
அன்று மற்றவர்களுக்குப் புரியாதிருக்க
டர்பன் தமிழில், சொல் தேடித் தேடி:
"உக்காருங்க, தேவ் அண்ணா.
இது ஒண்ணு இல்ல. ரெண்டு.
ரெண்டுக்கும் முன்னாடியே பேரு இருக்கு.
மயிரு மாதிரி மெலிசா பின்னிக்கிட்டு இருக்கு.
உங்க கற்றை ரெண்டு மேலயும் சேந்து விழுந்துடுச்சு."

நான்கு நாள் அவளோடு பேசவில்லை.
ஐந்தாம் நாள் வரைவை அனுப்பினாள்.
என் கனிமத்தைக் கொல்லும் கட்டுரை,
அதில் என் பெயரை முதலில் போட்டிருந்தாள்.
இரண்டாவதாக மாற்றினேன்.
அந்த வருடம் நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய வாரம்
குருமனுக்கு ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர்.
வ்ரைபர்க்கில் பெட்ரோல் போட்டோம்.
கடிதத்தில் சொல்லியிருக்கலாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.
அவள் வண்டியைத் திருப்பவில்லை.
போத்மாவின் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு
ஆஃப்ரிகான்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
கல் இன்னும் இருக்கிறதா?
இருக்கிறது என்றாள் சலோஷினி. அப்படியேதான் இருக்கிறது.
காபி வந்தது, கடிக்க முடியாத ரஸ்க்கோடு.
சட்டத்தை அவர் கழற்றவில்லை.
நாங்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மின்சாரம் போய்விட்டது. முப்பத்தெட்டு சதவீதம்.
ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கழிவு மேடு மட்டும்
இருட்டிலும் கொஞ்சம் மஞ்சளாக.

ஒன்பதாம் கேள்வி:
வேட்பாளருக்கும் உங்களுக்கும் நலன் முரண் ஏதும் உண்டா?
உண்டு எனில் இரண்டு வரியில் விளக்குக.

உண்டு.
நான் கண்டுபிடித்த ஒரே கனிமம் கனிமம் அல்ல என்று நிறுவினார்.
நிறுவியது சரி.

பத்தாம் கேள்வி:
இந்தப் பரிந்துரை வேட்பாளருக்குத் தெரியுமா?
தெரியாது.
தெரிந்தால் வாங்கிப் படித்துவிட்டு,
கட்டுரை எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பாள்.

மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் நகர்த்தி
மறுபடி எண்ணினேன்.
எழுபது.