உடைந்த இரத்தம்

இரவு இரண்டு இருபது.
வாட்டில் சேர்த்த அரைமணிக்குள் எடுத்த இரத்தம்
மூன்று குழாய்களில் என் மேசைக்கு வந்தது.
சன்னாசி வேலு, ஐம்பத்தெட்டு,
புறக்கோட்டை நாட்டாமி.
ஆளை நான் பார்த்ததில்லை.
ஆய்வுகூடத்துக்கு முகங்கள் வருவதில்லை.

யூரியா, அல்புமின், லக்டேட், பொற்றாசியம்,
செங்குழியங்களின் பருமன் பேதம்:
ஐந்தையும் கொடுத்தால்
முப்பது நாளுக்குள் இவர் இறப்பாரா என்று
நூற்றுக்கு இத்தனையெனச் சொல்லும் புது மென்பொருள்.
ஆறு மாதப் பரீட்சார்த்தம்.
எழுபத்து நான்கு, என்றது.
சிவப்புக் கட்டத்தில்.

மூட்டையைத் தோளில் வாங்கும்போதே
எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார்களாம்
நாலாம் குறுக்குத்தெருவில்.
தராசு பிறகு வந்து ஆமாம் போடும்.
எனக்கு அந்தத் தோள் இல்லை.
குழாயைத் தூக்கி விளக்கில் பிடித்தேன்.

வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டிய நீர்
கொட்டாஞ்சேனைக் கடைச் சர்பத் போல
சிவந்து கிடந்தது.

லிப்ட் பழுது.
சிறிபால மூன்று மாடியும் ஓடி இறங்கியிருக்கிறான்
சட்டைப்பையில் குழாய்கள் குலுங்க.
வழியிலே குழியங்கள் உடைந்து
உள்ளிருந்த உப்பெல்லாம் வெளியே.
அந்த எழுபத்து நான்கில்
எவ்வளவு சன்னாசி, எவ்வளவு படிக்கட்டு?

வாட்டுக்குப் போன் எடுத்து
என் அரைகுறைச் சிங்களத்தில் மிஸ்ஸியிடம் சொன்னேன்,
இன்னொருமுறை எடுக்கவேணும்.
பின்னால் ஒரு குரல் தமிழில்:
"இருக்கிறதையும் எடுத்துட்டா
நான் எதை வச்சுக்கிட்டுப் படுக்கிறது?"
சிரித்தது போலவும் இருந்தது.

இரண்டாவது முறை முப்பத்தொன்பது.
மஞ்சள்.
சந்தோஷப்பட்டேன். பிறகு வெட்கமாயிற்று.
நூறு சன்னாசிகளை வரிசையாய்ப் படுக்கவைத்தால்
முப்பத்தொன்பது பேர் எழும்பமாட்டார்கள்.
அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.
நம்முடைய ஆள் எந்தக் கட்டிலில்?

ஒன்பது நாள் காலையில் அவர் பெயர் வந்தது.
யூரியா இறங்கியது, மறுபடி ஏறியது.
பத்தாம் நாள் குழாய் இல்லை.
வீட்டுக்குப் போனாலும் இரத்தம் வராது.
போகாவிட்டாலும் வராது.
எங்கள் திரையில் இரண்டுக்கும் ஒரே வெற்றிடம்.

கேட்கலாம். நான்கு இலக்கந்தான்.
ரிசீவரை எடுத்து, வைத்தேன்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்காமல்
மெயின் வீதியால் நடந்தேன்.
மூட்டைக்குக் கீழே எல்லாத் தோளும்
ஒரே மாதிரித்தான் வளைகிறது.
"ஓரம், ஓரம்" என்று கத்தியபடி
ஒருவர் என்னை இடித்துக்கொண்டு போனார்.
முகம் தெரியவில்லை.