நான்காம் நாற்காலி

பெலோட்டாஸில் ஜூலை. அதிகாலை ஐந்தே முக்கால்.
மினுவானோ காற்று ஜன்னலைப் போட்டு உலுக்குகிறது.
டயாலிசிஸ் கூடத்திலிருந்து எவான்ட்ரோ கூப்பிடுகிறான்:
"ஜுசாரா, திரையில் மூன்று பேர்தான் தெரிகிறார்கள்.
என் முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அதில் ஒருவர் கேட்கிறார்,
நான் இன்னும் இருக்கிறேனா தம்பி என்று."

போன வாரமும் தவறு என்னுடையதுதான்.
நான் எழுதும் நிரல்மொழியின் பெயருக்கு
எங்கள் பேச்சில் நிலவு என்று பொருள்.
விரல்விட்டு எண்ணுகிறவர்களைப் போல அது
ஒன்றில் தொடங்கும்.
சுவரில் தொங்கும் திரையோ சுழியத்தில் தொடங்கும்.
நடுவே ஜேசனாக மாற்றித் தரும் இருபது வரி,
அது என் கைவேலை.
ஒரு காலை முழுக்க எல்லோரும்
இருந்த இடத்திலேயே ஓரிடம் தள்ளி இருந்தார்கள்:
ஒட்டாசிலியோவின் தலைக்கு மேலே
செனைடே அம்மாளின் எடை.
எவான்ட்ரோ திரையை நம்பவில்லை,
தாளில் பென்சிலால் எழுதியதை நம்பினான். பிழைத்தோம்.

இன்று அது இல்லை.
அட்டவணையைக் கொட்டிப் பார்க்கிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு ஓட்டை.
நேற்றிரவு வரவேற்பில் யாரோ
வால்டோமிரோ ராட்கேயை அழித்திருக்கிறார்கள்.
இந்த மொழியில் அழித்தால்
காலி நாற்காலி மிஞ்சாது,
நாற்காலியே மிஞ்சாது.
என் சுற்று ஒவ்வொரு படியாக ஏறிப்போய்
நான்கில் கால்வைக்க இடமின்றி
இவ்வளவுதான் உலகம் என்று திரும்பிவிட்டது.
அப்பால் ஐந்து பேர்,
ரத்தம் குழாயில் போவதும் வருவதுமாக.

மேலே நகர்த்திவிடு, ஓட்டை தூர்ந்துவிடும்
என்கிறது தூக்கம் கலையாத மூளை.
நகர்த்தினால் ஐந்து நான்காகும், ஆறு ஐந்தாகும்,
மறுபடியும் செனைடே அம்மாள் வேறொருவர் எடையோடு.

ஆறிப்போன சிமாரோனை ஒரு இழுப்பு.
அழிந்த இடத்தில் ஒரு சொல் வைக்கிறேன்:
வெற்று.
இல்லை என்று சொல்வதற்காகவாவது
அங்கே ஏதோ ஒன்று இருக்கட்டும்.

"வந்துவிட்டார்கள்" என்கிறான். "எட்டும்.
நான்கு மட்டும் சாம்பல் நிறம்."
எனக்குக் கேட்க வாய் வரவில்லை.
பிறகு கேட்டேன்: "ராட்கே?"
"ஐயோ, உனக்குத் தெரியாதா?
போர்ட்டோ அலெக்ரேயில் சிறுநீரகம் கிடைத்துவிட்டது.
நேற்று சாயங்காலம் கையில் செருப்போடு ஓடினார்."

சிரித்துக்கொண்டே போனை வைத்தபின் உறைக்கிறது:
ஞாயிறன்று கூடம் பூட்டியிருக்கும்.
ஒருவருமில்லாத அட்டவணை,
அதற்குச் சதுர அடைப்பா, நெளி அடைப்பா,
அந்த இருபது வரிக்குத் தெரியாது.

இன்று வெள்ளி.