வால்

ஜூன் ஒன்பது, காலை பத்து இருபது.
முஹு தீவுப் படகுத்துறை.
வண்டிகளின் வரிசை அனுமார் வால்.
பதினோராவது, ஹெல்வேயின் நீல வேன்.

வேன் கூரையில் கையகல ரேடியோ.
உள்ளூர் நிலையம் விடாமல் உரம் விற்கிறது.
பெட்டியைக் கால்வட்டம் திருப்பினாள்:
உரம் அடங்கியது.
இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாய்க் கரையேறின,
ஒரு பி, ஒரு ஏ, காலியிடம், ஒரு ஐ.
பாரி!
இத்தாலியின் குதிகால்.
இரண்டாயிரம் கிலோமீட்டர், முழநீள ஏரியலில்.

பண்பலை கண்ணெட்டும் தூரம்தான் போகும்.
இன்று வானம் அதை மடித்து
இவள் கையில் கொடுக்கிறது.
நம் மொழியில் இதன் பெயர் வானொலி என்று
அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்குரல் அவசரமாய்ப் பேசியதில்
புரிந்தது ஒரே சொல்: கோடா.
அக்கார்டியன் வாசிப்பவளுக்குத் தெரியும்,
பாட்டின் வால் அது. முடியப்போகிறது.

அங்கே அது
நெடுஞ்சாலையில் நகராத லாரிகளுக்கும் பெயர்.

பின்னால் ஹாரன்.
மறுபடி உரம்.
ஸ்டியரிங்மேல் நோட்டை வைத்து எழுதினாள்:
89.6. பத்து இருபத்தாறு வரை.
இசை நிகழ்ச்சி, நிறைவுப் பகுதி.
பாட்டு மட்டும் கேட்கவில்லை.