கீழே இறங்கும் பஸ்

மேலே மழைக்கோட்டு.
உள்ளே ஜீன்ஸ் சட்டை, கழுத்துவரை பொத்தான்.
அதற்கும் உள்ளே, டீ-ஷர்ட்டில்,
கொட்டாவி விடும் ஆக்டோபஸ்.

க்யூர்பிப்பில் வழக்கமான தூறல்.
ஃபீனிக்ஸில் கோட்டு மடிக்கு வந்தது.
ரோஸ் ஹில்லில் மூன்று பொத்தான்;
இரண்டு கைகள் எட்டிப் பார்த்தன.
போ பாசேன் தாண்டியதும் புழுக்கம்,
சட்டையையே கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

எதிர் சீட்டில் கணக்குப் பிரிவு அப்பாடூ,
இஸ்திரி மடிப்பு கலையாத ஆள்,
செய்தித்தாளுக்கு மேலாக எண்ணியிருக்கிறார்:
"ஆறுதான் இருக்கு."
மீதி இரண்டு முடிச்சுக்கு அடியில், என்றேன்.

போர்ட் லூயிஸ்.
கதவு திறக்க, நாங்கள் இறங்குமுன் வெயில் ஏறியது.
அவர் டையைத் தளர்த்தி
ஒரே ஒரு பொத்தானைக் கழற்றினார்.
வெள்ளைச் சட்டைக்குள்
ஏதோ ஒன்றின் நீல வால்.

எதனுடையது என்று சொல்லவில்லை.
நாளைக்கும் கொளுத்தட்டும்.