மேற்படி

விக்டோரியா தெரு நூலகம், பதினோராம் மாடி.
உள்ளே கம்பளிச் சட்டை போடும் குளிர்.
வெளியே புகிஸ் முழுக்க மழை.
மைக்ரோஃபிலிம் நழுவி நிற்கிறது,
சான்சிபாரில் ஏற்றிய ஒரு தோணியின் சரக்கேட்டில்:

கிராம்பு, நாற்பது மூட்டை.
சிவப்புப் பாசி, எடை அழிந்துபோயிற்று.
தந்தம், சிறியது, முப்பத்திரண்டு.
பெண், ஒன்று.
மேற்படி.
மேற்படி.

கணக்கனுக்கு அழகான கையெழுத்து.
தந்தத்தையும் பெண்களையும் சேர்த்தே கூட்டியிருக்கிறான்:
முப்பத்தைந்து.
நானும் கூட்டிப் பார்த்தேன். சரிதான்.

"ஆப்பிரிக்கக் கரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்,
டாக்டர் வேதவல்லி?"
நிதிக்குழுவில் திருமதி சியூ லான் கேட்டார்.
பருவக்காற்று என்றேன். துறைமுகம் என்றேன்.
இரு கரையிலும் ஒரே மகுடம் அச்சிட்ட படிவம் என்றேன்.
மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
கேட்டதில் பாதிப் பணம் வந்தது.

இரண்டாம் மேற்படியில் மட்டும்
மை தடித்திருக்கிறது.
பேனா அங்கே நின்றதா?
கூடத்தில் யாராவது கூப்பிட்டார்களா?
மைக்கூடு வறண்டு, புதிதாய்த் தொட்டானா?
தயங்கினான் என்று எழுத
என்னிடம் சான்றில்லை.
எழுதினால் அது அவனுக்கு நான் செய்யும் சலுகை;
அவளுக்கு அதனால் ஒன்றுமில்லை.

அடிக்குறிப்பு நாற்பத்தேழு:
'கடைசிப் பெண்ணின் பதிவில் மையின் அடர்த்தி மாறுகிறது.'
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வைத்தேன்,
எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

நூலகம் மூடப்போகிறதென்று
நான்கு மொழியில் அறிவிக்கிறார்கள்.
தமிழ் கடைசியில் வரும்.
அதுவரை
விளக்கை அணைக்கவில்லை.